மின்ஹாவுக்கு ஆகாதவை

உக்குவளைச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கி ஜுனைதாவின் வீடு எது என்று கேட்டால் ஆளுக்கொரு திசையைக் காட்டுவார்கள். எங்கள் பக்கம் ஜுனைதாக்களுக்குப் பஞ்சமில்லை. வட்டிலப்பம் செய்கிற ஜுனைதா என்று கேட்டால்தான் பள்ளிவாசலைத் தாண்டி, கராம்பு மரம் நிற்கிற வளைவில் திரும்பி, மேலே ஏறும் படிக்கு வழி சொல்வார்கள். படிக்கு ஒரு பக்கம் அவள் வீடு, மறுபக்கம் என்னுடையது. எனக்குத் தையல் தொழில். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு கொடிக்கயிறு மட்டும்தான். அவர்கள் வீட்டில் யாராவது தும்மினால் என் வீட்டிலிருந்து துஆ போகும்.

அவளைப் பற்றி ஊர் இப்போது பேசுகிற பேச்சு எனக்குப் பொறுக்கவில்லை. பெற்ற பிள்ளையைப் பட்டினி போட்டவள் என்கிறார்கள். அப்படிச் சொல்கிற வாய்களில் பாதி, "இதைக் குடுக்காத, அதைக் குடுக்காத" என்று அந்தப் படியேறி வந்து சொல்லிவிட்டுப் போன அதே வாய்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை, சரி. ஆனால் நடந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். நடந்தபடி சொல்லிவிடுகிறேன், பிறகு அவரவர் இஷ்டம்.

ஜுனைதா பிறந்த ஊர் வரக்காமுறை. இவளுடைய சின்ன வயதிலேயே உம்மா மௌத்தாகி மண்ணுக்குப் போய்விட, வாப்பாவுக்கும் தம்பிமாருக்கும் சோறாக்கிப் போட்டு வளர்ந்தவள். எதையும் அரைகுறையாகச் செய்ய அவளுக்குத் தெரியாது. சட்டி கழுவினால் அடிப்பக்கமும் மின்னும். வட்டிலப்பத்துக்கு முட்டை உடைக்கும்போது ஒவ்வொன்றையும் தனிக் கோப்பையில் உடைத்து, முகர்ந்து பார்த்து, அப்புறம்தான் பெரிய சட்டியில் ஊற்றுவாள். ஒரு கூழ் முட்டை எல்லாவற்றையும் கெடுத்துவிடும் என்பாள். இந்தக் கவனத்துக்காகத்தான் கல்யாண வீட்டுக்காரர்கள் மாத்தளையிலிருந்தெல்லாம் அவளைத் தேடி வந்தார்கள். அதே கவனம்தான் கடைசியில் பிள்ளையின் வளர்த்தியைத் தின்றது.

புருஷன் றினோஸ் லொறி ஓட்டுகிறவன். தம்புள்ளையில் மரக்கறி ஏற்றிக் கொழும்பில் இறக்குவான். வீட்டில் இருப்பதைவிட ரோட்டில் இருப்பது அதிகம். நல்லவன், வாய் திறவாதவன். அவர்களுக்கு நெடுநாள் காத்திருந்து பிறந்தவள் மின்ஹா.

கைக்குழந்தையாக இருக்கும்போதே அவள் கன்னம் இரண்டும் சிவந்து செதில் செதிலாக இருந்தது. பால் சூடு, போய்விடும் என்றார்கள். போகவில்லை. தவழத் தொடங்கியபோது முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்னாலும் மணிக்கட்டிலும் வந்துவிட்டது. தோல் வறண்டு, தடித்து, சொறிந்த இடமெல்லாம் நீர் கசியும். மற்றப் பிள்ளைகள் வாப்பா என்றும் காக்கா என்றும் பேசப் பழகுவார்கள். மின்ஹா முதலில் பழகிய பேச்சு "கடிக்கிது". அரிப்பதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. மாத்தளையில் தோல் கிளினிக்குக்கு நான்தான் கூடப் போனேன். டொக்டர் பிள்ளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது எக்சிமா, ஒட்டுகிற நோயில்லை, ஒரேயடியாகப் போகாது, வளர வளரக் குறையும் என்றார். ஒரு பெரிய டப்பாவில் மெழுகு மாதிரி வெள்ளைக் களிம்பு கொடுத்தார். குளித்த ஈரம் காயுமுன் உடம்பு முழுக்க அதைத் தாராளமாகப் பூச வேண்டும். சிவந்த இடத்துக்கு மட்டும் சின்னக் குழாய் மருந்து, மெல்லிசாக. சுடுதண்ணீர் வேண்டாம், வாசச் சவர்க்காரம் வேண்டாம், நைலோன் உடுப்பு வேண்டாம். அவ்வளவுதான்.

"சாப்பாடு, டொக்டர்?" என்று ஜுனைதா கேட்டாள்.

"எல்லாம் குடுங்க."

"முட்டை?"

"குடுங்க."

"கருவாடு, கத்தரிக்காய்?"

டொக்டர் சிரித்துக்கொண்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார். வெளியே வரும்போது ஜுனைதாவின் முகம் விழுந்திருந்தது. "ஒரு பத்தியமும் சொல்லல்ல ராத்தா. இது என்ன மருந்து?" என்றாள். ராத்தா என்றால் எங்களுக்கு அக்கா.

இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். எங்கள் ஊரில் பத்தியம் இல்லாத மருந்தை மருந்தென்று யாரும் மதிப்பதில்லை. பரியாரி கஷாயம் கொடுத்தால் கூடவே விலக்க வேண்டியதையும் சொல்லி அனுப்புவார். விலக்குவதுதான் பாதி வைத்தியம். அதிலும் உடம்பில் சொறி கிளப்பும் என்று நம்பப்படுகிற சாப்பாட்டுக்கு நாங்கள் வைத்திருக்கிற பெயரே கிரந்திச் சாமான். எது கிரந்தி, எது கிரந்தியில்லை என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அது டொக்டருக்கு மட்டும் தெரியாமல் இருந்தால் ஒரு தாய் என்ன நினைப்பாள்? படித்தவருக்குப் பொறுமையில்லை, சொல்லாமல் விட்டுவிட்டார் என்றுதான் நினைப்பாள்.

இருந்தாலும் களிம்பைப் பூசினாள். நான் ஆம்பிளைகள் உடுத்துகிற பழைய சாரம் வெட்டி, பிள்ளைக்கு நீளக் கை வைத்த சட்டைகள் தைத்துக் கொடுத்தேன். உடுத்தி உடுத்தித் தேய்ந்த சாரத் துணி போல மிருதுவானது வேறொன்றும் இல்லை. தூங்கும்போது சொறியாதபடி கை நுனியைப் பை மாதிரி மூடித் தைத்தேன். பிள்ளைக்கு மூன்று வயதாகும்வரை ஏதோ ஏறியும் இறங்கியும் போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் கலேவெலயில் கல்யாணம் வந்தது. றினோஸின் ராத்தா றிஸ்மியாவின் மூத்த மகனுக்கு வலீமா விருந்து. வட்டிலப்பம் முழுவதும் ஜுனைதாவின் கை. காலையில் சட்டி வழித்ததைப் பிள்ளைக்கு ஊட்டிவிட்டுப் புறப்பட்டாள். றிஸ்மியா அனுப்பியிருந்த சட்டையை மின்ஹாவுக்குப் போட்டிருந்தாள். பொன்னிற வலைத்துணி, உள்ளே நைலோன், கழுத்தைச் சுற்றி முத்து. உள்ளே ஒரு பருத்திச் சட்டை போடு என்று கூடப் போன நான் சொன்னேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, கேட்கவில்லை. ஆகஸ்ட் மாத வெயில். தம்புள்ளை தாண்டியதும் பஸ்ஸுக்குள் அடுப்படிச் சூடு. இறங்கும்போது பிள்ளையின் கழுத்தும் கையும் செக்கச் செவேலென்று இருந்தன. மண்டபத்தில் உட்காருமுன் மணிக்கட்டைச் சொறிந்து இரத்தம் வரவைத்துவிட்டாள்.

எங்கள் கல்யாணங்களில் ஆளுக்கொரு தட்டு கிடையாது. பாயில் வட்டமாக ஆறு பேர் உட்கார, நடுவில் ஒரு பெரிய சஹன் வைப்பார்கள். சோறும் இறைச்சியும் கோழியும் அதிலேயே இருக்கும். ஆறு பேரின் கையும் ஒரே சஹனுக்குள் போகும். அதில்தான் பரக்கத், அல்லாஹ்வின் அருள் இருக்கிறது என்பார்கள். நானும் ஜுனைதாவும் பிள்ளையும் ஒரு பக்கம், தெரியாத பெண்கள் மூன்று பேர் எதிர்ப்பக்கம். மின்ஹா பிஸ்மி சொல்லிக் கையை வைத்தாள். எதிரே இருந்தவள் அந்தக் கையைப் பார்த்தாள். எடுத்த சோற்றை வாயில் போடாமல் திரும்ப வைத்துவிட்டு, "எனக்கு வயிறு ஒரு மாதிரி ஈக்கிது" என்று எழும்பினாள். கொஞ்ச நேரத்தில் அடுத்தவள் தங்கச்சியைத் தேடிக்கொண்டு போனாள். மூன்றாமவள் காரணம் சொல்லக்கூட மினக்கெடவில்லை.

ஆறு பேருக்கான சாப்பாட்டின் முன் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். ஜுனைதாவின் கை சஹனின் விளிம்பிலேயே நின்றது. மின்ஹாவுக்கு ஒரே சந்தோஷம். "எங்களுக்குத்தான் நெறைய, என்ன உம்மா?" என்றாள்.

றிஸ்மியா தூரத்திலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். பாத்திரம் எடுக்கிற இடத்தில் வந்து ஜுனைதாவைப் பிடித்துக்கொண்டாள். "என்ன குடுத்த புள்ளைக்கு?"

"காலைல கொஞ்சம் வட்டிலப்பம், மதினி."

"கிரந்திப் புள்ளைக்கு முட்டையா? நீயெல்லாம் ஒரு உம்மாவா?"

சட்டையைப் பற்றி யாரும் பேசவில்லை. நான் பேசினேன், தையல்காரிக்கு எல்லாம் துணிதான் என்று றிஸ்மியா வாயை அடைத்துவிட்டாள்.

அன்றோடு மின்ஹாவுக்கு முட்டை நின்றது. வீட்டுக்கு வந்து நைலோன் சட்டையைக் கழற்றி, களிம்பும் பூசி, இரண்டு மூன்று வாரத்தில் மழையும் இறங்கியதும் பிள்ளையின் உடம்பு தணிந்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. ஆனால் ஜுனைதாவுக்குப் பனம்பழம் முக்கியமில்லை, காக்கையைப் பிடித்துக்கொண்டாள். "பாத்தீங்களா ராத்தா, முட்டைதான்" என்று பிள்ளையின் கையை என்னிடம் நீட்டிக் காட்டினாள். அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

இந்த நோயின் சூது இதுதான். அது தானாக ஏறும், தானாக இறங்கும். குளிருக்கு ஏறும், வியர்வைக்கு ஏறும், தூசிக்கு ஏறும், சில வேளை ஒன்றுமே இல்லாமல் ஏறும். ஏறும்போதெல்லாம் ஜுனைதா நேற்று என்ன கொடுத்தேன் என்று யோசிப்பாள். நேற்று எதையாவது கொடுத்துத்தானே இருப்பாள்? அதை நிறுத்துவாள். இறங்கும்போது, நிறுத்தியதால் இறங்கியது என்பாள். அப்படியே கருவாடு போயிற்று. சூரை மீன் போயிற்று, மாட்டிறைச்சி போயிற்று, அடுத்தடுத்துக் கத்தரிக்காயும் தக்காளியும் அன்னாசியும் போயின. பால்மா சளி, அதுவும் ஒரு வகையில் கிரந்திதான் என்று மேல் வீட்டு அபீபா சொன்னாள். கச்சான் கடலை கூடவே கூடாது என்று பலசரக்குக் கடை ஹாஷிம் நானா சொன்னார். ஒரு ஜனவரிப் பனியில் பிள்ளையின் உதடெல்லாம் வெடித்தபோது பருப்பும் போயிற்று. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, அவளுக்குச் சட்டியில் இருந்ததெல்லாம் கிரந்தி.

களிம்பும் நின்றது. குழாய் மருந்து தோலை மெலியவைக்கும் என்று றிஸ்மியா போனில் சொன்னாள். பெரிய டப்பாக் களிம்பு பிசுபிசுவென்று பாயெல்லாம் ஒட்டுகிறது. "உள்ளுக்குப் போறதச் சரியாப் பாத்தா மேலுக்குப் பூசத் தேவையில்ல" என்று ஜுனைதாவே ஒரு முடிவுக்கு வந்தாள். வியர்த்தால் அரிக்கும் என்று பிள்ளையை வெயிலிலும் விடுவதில்லை. மற்றப் பிள்ளைகள் படியில் ஓடி விளையாடும்போது மின்ஹா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவள் தட்டில் சோறும் சுரக்காய்ச் சொதியும் இருக்கும், சில நாள் புடலங்காய். பக்கத்து அடுப்படியில் கல்யாண ஓடருக்கு உம்மா தட்டுத் தட்டாக முட்டை உடைத்துக்கொண்டிருப்பாள்.

சும்மா பார்த்துக்கொண்டிருக்கிற ஆள் நானில்லை. "புள்ள வளரல்ல ஜுனைதா. போன பெருநாளைக்குத் தெச்ச சட்டை இந்தப் பெருநாளைக்கும் அளவா ஈக்கிது. அளவு நாடா பொய் சொல்லாது" என்று நேரே சொன்னேன்.

"தோல் சுகமானதும் எல்லாம் குடுப்பேன் ராத்தா."

"தோல் சுகமாகும்போது புள்ள ஈப்பாளா?"

சொல்லியிருக்கக் கூடாத சொல். ஜுனைதா கொடியில் கிடந்த தன் துணிகளை ஈரத்தோடே அள்ளிக்கொண்டு உள்ளே போனாள். பல நாள் என்னோடு பேசவில்லை. நானும் வீம்புக்காரிதான், போகவில்லை.

அந்த இடைவெளியில்தான் றினோஸ் ஒரு காரியம் செய்தான். மனம் கேட்காமல், லொறியால் வந்தவன் பிள்ளையைக் கடைப்பக்கம் கூட்டிப்போய் ஒரு மாலுபான் வாங்கிக் கொடுத்திருக்கிறான். மீனும் கிழங்கும் உள்ளே வைத்த அந்தப் பன்னைப் பிள்ளை ஒரு துண்டு விடாமல் தின்றிருக்கிறாள். தின்றுவிட்டு வாப்பா மரக்கறிச் சாக்குகளைத் தட்டி அடுக்க, அந்தத் தூசிக்குள் ஏறி விளையாடியும் இருக்கிறாள். அடுத்த நாள் காலையில் உடம்பு முழுக்கத் தடித்துவிட்டது. என்ன தின்ற, என்ன தின்ற என்று ஜுனைதா கேட்ட சத்தம் என் வீட்டுச் சுவரில் இடித்தது. றினோஸ் நான்தான் கொடுத்தேன் என்று சொல்லுமுன் பிள்ளை அழுதுகொண்டு சொன்னாள்: "நான்தான் உம்மா தின்ன. இனித் தின்ன மாட்டேன். அல்லாஹ்மேல சத்தியம்."

நாலரை வயதுப் பிள்ளை சத்தியம் செய்தது. பெரியவர்கள் செய்கிற சத்தியத்தை மறுநாளே மறந்துவிடுவார்கள். இவள் மறக்கவில்லை. அதற்குப் பிறகு ஜுனைதா கண்காணிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. மொண்டிசூரியில் யாராவது பிஸ்கட் நீட்டினால், "எனக்கு ஆகாது" என்று கையைப் பின்னால் கட்டிக்கொள்வாளாம். என்ன அடக்கமான பிள்ளை என்று டீச்சர் புகழ்ந்தாளாம். அடுத்து ஜுனைதாவுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது, பேர் ஹனா. தோல் பட்டுத்துணி மாதிரி. குழந்தையைப் பார்க்கப் போன சாக்கில் எங்கள் பேச்சும் திரும்ப ஆரம்பமாயிற்று.

மின்ஹா விழுந்தது ஒரு சின்ன இடத்தில். அடுப்படிக்கும் முன்னறைக்கும் நடுவில் உள்ள ஒற்றைப் படி. மற்றப் பிள்ளைகள் விழுந்து எழும்பி ஓடிவிடும் இடம். இவள் கையை ஊன்றினாள், எலும்பு முறிந்துவிட்டது. றினோஸ் கொழும்பில். குழந்தையை அபீபாவிடம் விட்டுவிட்டு நானும் ஜுனைதாவும் திரீவீலில் மாத்தளைக்கு ஓடினோம்.

கையைக் கட்டிய பிறகும் வீட்டுக்கு விடவில்லை. எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு இன்னொரு டொக்டரைக் கூப்பிட்டார்கள். தமிழ் பேசத் தெரிந்த சிங்களப் பெண். அவர் மின்ஹாவை நிற்கவைத்து, காலைச் சேர்த்து வைக்கச் சொன்னார். கணுக்கால் இரண்டும் ஒட்டின, முழங்கால்கள் ஒட்டவில்லை. நீளச் சட்டையும் காற்சட்டையும் போட்டே பார்த்த எனக்கு அன்றுதான் அந்த வளைவு தெரிந்தது. நிறுத்தும் அளந்தும் பார்த்தார்கள். இரத்தம் எடுத்தார்கள்.

"என்ன சாப்பிடுறா?" என்று டொக்டர் கேட்டார்.

ஜுனைதா அதைச் சொன்ன விதத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். நிமிர்ந்து உட்கார்ந்து, பரீட்சைக்குப் படித்துவந்த பிள்ளை போலச் சொன்னாள். முட்டை இரண்டு வருஷமாகக் குடுக்கவில்லை. மீன், இறைச்சி வாசமே காட்டுவதில்லை. பால் இல்லை. பருப்பும் இல்லை. வெயிலில் விடுவதே இல்லை. "கிரந்தி ஒண்டும் கிட்ட வர விடல்ல, டொக்டர். கண்ணுக்குள்ள வெச்சுப் பாக்கிறேன்" என்றாள். யாராவது ஒருவர் தன்னை நல்ல தாய் என்று சொல்லக் காத்திருந்தவள் போல இருந்தது அவள் முகம்.

டொக்டர் பேனாவை மேசையில் வைத்தார். ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், ஜுனைதா திருப்பி ஏதாவது பேசியிருப்பாள். அவர் மெதுவாகச் சொன்னார்: இந்தப் பிள்ளையின் தோலுக்கும் சாப்பாட்டுக்கும் சம்பந்தம் இருந்ததாகத் தெரியவில்லை. சில பிள்ளைகளுக்கு இருக்கும், ஆனால் அதைச் சோதித்துப் பார்த்துத்தான் ஒன்றை விலக்க வேண்டும், எல்லாவற்றையும் அல்ல. இவளுக்குத் தேவைப்பட்டது பூசுகிற களிம்பு. நீங்கள் அதை நிறுத்திவிட்டு எலும்புக்குப் போக வேண்டியதை நிறுத்தியிருக்கிறீர்கள். மருந்து தருகிறேன். ஆனால் மருந்து மட்டும் போதாது, சாப்பிட வேண்டும், வெயில் பட வேண்டும். கால் நிமிரலாம். உயரத்தைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல முடியாது.

 ஜுனைதா கைப்பையின் பட்டியை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள். விரல் நுனி நீலமாகிவிட்டது, நான்தான் அவிழ்த்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தபின் அவள் பழைய கவனத்தோடு புது வேலையைத் தொடங்கினாள். இளஞ்சூட்டுத் தண்ணீர், சவர்க்காரம் இல்லாத குளிப்பு, துவாயால் தேய்க்காமல் ஒற்றி எடுப்பது, ஈரத்தோடே தலை முதல் கால் வரை களிம்பு. சிவந்த இடத்துக்குக் குழாய் மருந்து. பாய் ஒட்டினால் ஒட்டட்டும். காலை வெயிலில் பிள்ளையைப் படியில் உட்காரவைத்து, பக்கத்தில் தானும் உட்கார்ந்தாள். தோல் தணியத் தொடங்கியது. முழங்கை மடிப்பு முதலில் மிருதுவானது, அப்புறம் கழுத்து. சில வாரத்தில் மணிக்கட்டும் விரல்களும் மற்றப் பிள்ளைகளின் கை மாதிரி ஆயின. தொட்டுப் பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. இவ்வளவுதானா? இந்த டப்பாவில் இருந்த மெழுகுதானா? கலேவெல மண்டபத்தில் எழும்பிப் போனவர்களைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போல இருந்தது.

ஆனால் பிள்ளை சாப்பிடவில்லை.

முட்டையை அவித்து வைத்தால் தட்டைத் தள்ளிவிடுவாள். மீன் என்றால் அறையை விட்டே போய்விடுவாள். பாலைக் கண்டால் கை தானாகக் கழுத்தைச் சொறியும், ஒன்றும் இல்லாத கழுத்தை. ஜுனைதா கெஞ்சினாள், றினோஸ் பொம்மை வாங்கித் தருகிறேன் என்றான், நான் அதட்டிப் பார்த்தேன். "எனக்கு ஆகாது" என்ற ஒரே பதில். ஒரு நாள் ஜுனைதா முட்டையை நன்றாகக் குழைத்துச் சோற்றுக்குள் மறைத்து ஊட்டினாள். இரண்டாவது வாயில் பிள்ளை கண்டுபிடித்துவிட்டாள். அத்தனையையும் வாந்தி எடுத்தாள். அதிலிருந்து சோற்றையும் நம்பவில்லை, ஒவ்வொரு பருக்கையாக விரலால் தட்டிப் பார்த்து, முகர்ந்து பார்த்துத்தான் வாயில் வைத்தாள். அப்படி முகர்வதை ஜுனைதாவால் பார்க்க முடியாது, எழும்பி அடுப்படிக்குப் போய்விடுவாள்.

"மருந்து குடிக்கிறாதானே, போதாதா?" என்று ஊர் கேட்டது. போதாது. கிளினிக்கில் நிறுக்கும்போது முள் நின்ற இடத்திலேயே நின்றது. அடுத்த முறையும் இப்படி என்றால் வார்டில் நிறுத்தி மூக்கால் குழாய் விட வேண்டிவரும் என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

அடுத்த கிளினிக்குக்கு முந்திய வெள்ளிக்கிழமை நான் தைத்த சட்டையொன்றைக் கொடுக்கப் போயிருந்தேன். ஹனாவுக்குச் சோறூட்டத் தொடங்கியிருந்த காலம். ஜுனைதா பாயில் உட்கார்ந்து, அவித்த முட்டையின் மஞ்சள் கருவைப் பிசைந்து குழந்தைக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். தங்கச்சி தின்பதைப் பார்த்தாவது மூத்தவளுக்கு ஆசை வரட்டும் என்று அவளுக்கு ஒரு யோசனை. மின்ஹா சுவரோடு சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை வாயைத் திறந்தது. மஞ்சள் கரு உதட்டில் பட்டதும் சப்புக்கொட்டிச் சிரித்தது.

மின்ஹா ஓடிவந்தாள். அந்த வளைந்த காலால் அவ்வளவு வேகமாக ஓடி நான் பார்த்ததில்லை. உம்மாவின் கையிலிருந்த கோப்பையைத் தட்டிவிட்டாள். குழந்தையின் தாடையைப் பிடித்து, வாய்க்குள் விரலை விட்டு முட்டையைத் தோண்டி எடுத்தாள். "துப்புங்க தங்கச்சி, துப்புங்க! ஒங்களுக்கும் கடிக்கும்! கை எல்லாம் ரெத்தம் வரும்!" குழந்தை வீரிட்டு அழுதது. மின்ஹாவும் அழுதாள், ஆனால் கையை நிறுத்தவில்லை. தன் சட்டை நுனியால் குழந்தையின் நாக்கைத் துடைத்தாள்.

நான் போய்ப் பிடித்து இழுத்தேன்.  ஜுனைதா மூத்தவளைக் கிட்ட இழுத்து மடியில் இருத்தினாள்.

"மகள், கேளுங்க. முட்டைல ஒண்டும் இல்ல. தங்கச்சிக்கு ஒண்டும் செய்யாது. ஒங்களுக்கும் ஒண்டும் செய்யாது. உம்மாதான் பிழையாச் சொல்லிட்டேன்."

மின்ஹா உம்மாவின் முகத்தை அண்ணாந்து பார்த்தாள். உம்மா அழுவதைக் கண்டதும் தன் அழுகையை அடக்கிக்கொண்டாள். ஜுனைதாவின் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

"இல்ல உம்மா, நீங்க பிழை சொல்லல்ல. சரியாத்தான் சொன்னீங்க" என்றாள். இரண்டு கையையும் விரித்து உம்மாவின் கண்ணுக்கு நேரே காட்டினாள். புறங்கையைக் காட்டினாள், உள்ளங்கையைக் காட்டினாள். ஒரு தழும்பு இல்லை. "பாருங்க, நான் ஒண்டும் தின்னல்ல. அதுதான் எனக்குச் சுகமாயிட்டு."